வெள்ளத்தில் மூழ்கிய ஸ்போர்ட்ஸ் காரை 27 லட்சத்துக்கு வாங்கிய கதை: செகண்ட் ஹேண்ட் பார்ப்பவர்கள் கவனிக்க

வாலாஜா டோல்கேட்டைத் தாண்டிப் பத்து நிமிடம் இருக்கும். வேகம் 90. பானெட்டுக்குள்ளிருந்து டக் டக் என்று ஒரு சத்தம். பாட்டைக் குறைத்துக் காது கொடுப்பதற்குள் டமார். கண்ணாடியில் பார்த்தால் பின்னால் ஒரே புகை, ரோடு நெடுகக் கறுப்பாக ஆயில் கோடு. "மாமா, ஓரம் கட்டுங்க, ஓரம் கட்டுங்க" என்று மச்சான் கத்துகிறான். ஸ்டீயரிங் கல்லாகிவிட்டது. எப்படியோ ஓரத்துக்குக் கொண்டுவந்தேன்.

வாங்கி மூன்று மாதம். ஓட்டியது 3,100 கிலோமீட்டர்.

வண்டி 2014 மாடல், ஜெர்மன், இரண்டு கதவு, ஆறு சிலிண்டர் டர்போ. சென்னையில் ஒரு பழைய சொகுசு கார் டீலரிடம் 27 லட்சத்துக்கு வாங்கினேன். அதில் 15 லட்சம் கடன். டீலர் பெயரை இங்கே எழுத வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார், அதனால் யாரும் கேட்காதீர்கள்.

வாங்கும் முன் கம்ப்ரெஷன் டெஸ்ட் (பிளக்கைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று பார்ப்பது) எடுக்கலாமா என்று கேட்டேன். கேட்கத்தான் கேட்டேன். "சார், கம்பெனி ஃபிட்டிங் சார், பிளக்கைக் கழட்டினா வாரண்டி போயிடும்" என்றார் சேல்ஸ் பையன். பதினோரு வயது வண்டிக்கு ஏது வாரண்டி என்று கேட்கத் தோன்றவில்லை. சிவப்பு லெதர் சீட் கண்ணை மறைத்துவிட்டது. உள்ளே ஏறியபோது மல்லிகை வாசனை ஸ்பிரே ஆளைத் தூக்கியது. எதை மறைக்க இவ்வளவு அடித்திருக்கிறார்கள் என்றும் தோன்றவில்லை.

வண்டியின் கணினியில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் ஸ்கேனர் மட்டும் மாட்டவிட்டார்கள். ஒரு பிழைக் குறியீடும் இல்லை, எனக்கு ஏக சந்தோஷம். அதே ஸ்கேனரில் "குறியீடுகளை அழித்தபின் ஓடிய தூரம்" என்று ஒரு வரி இருக்கிறது. அது 38 கிலோமீட்டர் காட்டியது. முந்தின நாள்தான் யாரோ எல்லாவற்றையும் துடைத்திருக்கிறார்கள். அந்த ஸ்கிரீன்ஷாட் இன்றும் என் போனில் இருக்கிறது. வீட்டுக்கு வந்தபிறகுதான் அதைப் படித்தேன்.

சரி, இன்ஜினுக்கு வருகிறேன். தெரிந்த ஒர்க்‌ஷாப்பில் இறக்கிப் பிரித்தார்கள். பிரிக்க மட்டும் 45,000. இன்ஜின் பிளாக்கின் பக்கவாட்டில் எலுமிச்சம்பழம் நுழைகிற அளவு ஓட்டை. மூன்றாம் சிலிண்டரின் கனெக்டிங் ராட், அதாவது பிஸ்டனை அடியிலிருந்து தள்ளும் தண்டு, இரண்டாக உடைந்து, ஒரு பாதி அடியில் உள்ள ஆயில் தொட்டியில் கிடந்தது. நான் ஆயில் சரியாகப் பார்க்கவில்லையோ என்று எனக்கே சந்தேகம். உடைந்த துண்டைச் சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டைக்கு எடுத்துப் போனேன். அங்கே முப்பது வருடமாக இன்ஜின் பிரிக்கிற ஒரு பாய், கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தண்ணி குடிச்ச வண்டி சார் இது" என்றார்.

அவர் சொன்ன விளக்கம் இது. சிலிண்டருக்குள் வரும் காற்றைப் பிஸ்டன் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்காக நசுக்குகிறது. காற்று நசுங்கும், தண்ணீர் நசுங்காது. வெள்ளத்தில் ஓட்டியோ ஸ்டார்ட் செய்தோ தண்ணீர் உள்ளே போனால், மேலே வருகிற பிஸ்டன் சுவரில் மோதியது போல நிற்கும், நடுவில் மாட்டிய ராட் வளையும். ஸ்போர்ட்ஸ் கார்கள் தாழ்வானவை, காற்று இழுக்கும் வாயும் பம்பர் உயரத்திலேயே இருக்கும் என்பதால் இதற்குச் சீக்கிரம் பலியாகும். கொடுமை என்னவென்றால், கொஞ்சமாக வளைந்த ராடோடு வண்டி ஓடும். தண்ணீரை எடுத்து, ஆயில் மாற்றி, ஸ்டார்ட் செய்தால் ஓடும். டெஸ்ட் டிரைவில் ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு சுற்றுக்கும் வளைந்த இடத்தில் உலோகம் களைத்துக்கொண்டே வந்து, ஒரு நாள் முறியும்.

ஐந்தாம் சிலிண்டரின் ராடும் வளைந்திருந்தது. கண்ணாடிப் பலகையில் வைத்தால் ஆடியது. அந்தச் சிலிண்டரில் பிஸ்டன் முழு உயரத்துக்கு ஏறாததால் சுவரில் படியும் கரி வளையம் மற்றவற்றைவிடக் கீழே இறங்கியிருந்தது. பிளக் துவாரம் வழியாகச் சின்னக் கேமராவை விட்டிருந்தால் வாங்கும் முன்பே இது தெரிந்திருக்கும். கம்ப்ரெஷனும் குறைவாகக் காட்டியிருக்கும். பிளக்கைத் தொடவிடாததன் காரணம் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அப்புறம் சேசிஸ் நம்பரைக் கொடுத்து சர்வீஸ் சென்டரில் வரலாறு கேட்டேன். 2023 டிசம்பர், மிக்ஜாம் புயலுக்கு அடுத்த வாரம், வண்டி டோ லாரியில் வந்திருக்கிறது. எஸ்டிமேட் போட்டிருக்கிறார்கள். ரிப்பேர் ஆகாமலே திரும்பிப் போயிருக்கிறது. முதல் உரிமையாளரின் முகவரி, அந்தப் புயலில் வெள்ளத்தில் மூழ்கிய பள்ளிக்கரணை. அந்த முகவரி பழைய ஆர்சி நகலில் என் கண் முன்னாலேயே இருந்தது!

சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தோம், அடியில் சேற்றுக்கோடு. சீட் ரயில் போல்ட்டுகளில் துரு. இரண்டு நிமிட வேலை, நான் செய்யவில்லை.

இன்ஷூரன்ஸில் போய் நின்றேன். விபத்து இல்லை, மெக்கானிக்கல் கோளாறு, கவர் ஆகாது என்றார்கள். அவர்கள் சொன்னது சரிதான், பாலிசியிலேயே எழுதியிருக்கிறது. புது இன்ஜினுக்கு எஸ்டிமேட் 31 லட்சம், வண்டி விலையைவிட அதிகம். டெல்லியின் பழைய உதிரிபாகச் சந்தையான மாயாபுரியிலிருந்து பழைய இன்ஜின் 9 லட்சத்துக்கு வரும் என்று ஒருவர் சொன்னார். "அது எங்க முங்கின வண்டியோடதோ" என்றார் பாய். விட்டுவிட்டேன்.

டீலரின் பதில்தான் எல்லாவற்றிலும் மோசம். "நாங்க புரோக்கர்தான் சார், விற்றது ஓனர்." வண்டியைப் பெயர் மாற்றும் படிவம் 29, 30 இரண்டிலும் இரண்டாவது உரிமையாளர் கையெழுத்துதான், டீலர் பெயர் எங்கும் இல்லை. என்னைக் காப்பாற்றுவது ஒன்றே ஒன்று: பணம் முழுவதும் டீலரின் நிறுவனக் கணக்குக்குப் போயிருக்கிறது. இரண்டு லட்சம் கேஷாகக் கொடுத்தால் விலை குறைப்பேன் என்றார்கள், என் அப்பா விடவில்லை. பழைய வண்டி டீலர்கள் ஆர்டிஓவிடம் அங்கீகாரச் சான்று வாங்க வேண்டும் என்று 2022 டிசம்பரில் விதி திருத்தியிருக்கிறார்கள். அந்தச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். இவரிடம் கேட்டபோது பேச்சை மாற்றினார்.

நோட்டீஸ் அனுப்பிப் பலனில்லாததால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன். கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் அங்கேயே போடலாம், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், எனக்குக் கட்டணம் 1,000 ரூபாய்தான் ஆனது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். தகவல் கேட்க 1915 என்ற எண் இருக்கிறது.

இஎம்ஐ மாதம் சுமார் 34,000 போய்க்கொண்டிருக்கிறது. வண்டி அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் உறை போட்டு நிற்கிறது. உடைந்த ராடும் வளைந்த ராடும் சாட்சிப் பொருட்கள், தொலைத்துவிடாதீர்கள் என்று வக்கீல் சொன்னதால் துணிப்பையில் கட்டி பீரோவில் வைத்திருக்கிறேன். பட்டுப்புடவையில் ஆயில் வாடை அடிக்கிறது என்று வீட்டில் தினமும் சண்டை.