பழைய லென்ஸ் எவ்வளவு கிட்டப் போகும்? ஒன்பது வருட அனுபவம்

ஒன்பது வருடங்களுக்கு முன் வாங்கிய முதல் பழைய லென்ஸ், ஹீலியோஸ் 44-2. 58 மி.மீ. குவியத் தூரம்; எஃப் 2, அதாவது வெளிச்சத்தை நிறைய உள்ளே விடும் அகலத் திறப்பு. பின்னணி சுழல்வது போல விழும் என்று எல்லோரும் புகழும் லென்ஸ். பழைய லென்ஸைப் பொருத்த உதவும் அடாப்டர் வளையம் போட்டு, உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவில் மாட்டிக்கொண்டு நேரே பத்தமடைக்குப் போனேன். கோரைப்பாய் நெய்யும் ஒரு லாத்தாவின் (முஸ்லிம் வீடுகளில் அக்கா) வீட்டில், தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அரை நாள் படம் எடுத்தேன். திரையில் காட்டியபோது அவர் சொன்னார்: “தம்பி, பாய எடுக்கச் சொன்னா வீட்டையில்லா எடுத்திருக்கிய. இழை எங்க தெரியுது?”

அவர் சொன்னது சரி. ஹீலியோஸ் 50 செ.மீ.க்குக் கிட்டே ஃபோகஸ் ஆகாது. அந்தத் தூரத்தில் படத்துக்குள் விழுவது சுமார் 23 செ.மீ. அகலம். தாமிரபரணித் தண்ணீரில் ஊறவைத்து, மெல்லிசாகக் கீறிய கோரை அது. பாவு பருத்தி நூல். 23 செ.மீ. அகலத்தில் எடுத்தால் பாய் வெறும் பளபளப்பான துணியாகத்தான் தெரிகிறது.

அன்றிலிருந்து யார் பழைய லென்ஸைக் காட்டினாலும் முதலில் எஃப் எண்ணைப் பார்ப்பதில்லை. ஃபோகஸ் வளையத்தைக் கடைசிவரை திருப்பி, அங்கே நிற்கும் எண்ணைத்தான் பார்க்கிறேன். லென்ஸ் முனையிலிருந்து அல்ல, ஃபிலிம் இருக்கும் தளத்திலிருந்து அளந்த தூரம் அது. அந்த லென்ஸை எந்த வேலைக்காகச் செய்தார்கள் என்பதை அந்த ஒரு எண் சொல்லிவிடும்.

பழைய லைக்கா 50 மி.மீ. லென்ஸ்கள் பல 1 மீட்டரோடு நின்றுவிடும். கண்ணாடியின் குறை இல்லை அது. ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் நாம் பார்க்கும் ஜன்னல் வேறு, லென்ஸ் வேறு. கிட்டே போகப் போக இரண்டும் வெவ்வேறு இடத்தைப் பார்க்கும். 1956-இல் வந்த லைக்காவின் டூயல் ரேஞ்ச் சம்மிக்ரான் லென்ஸ், கேமராவின் ஜன்னலுக்கே ஒரு மூக்குக்கண்ணாடி மாட்டிவிட்டுத்தான் சுமார் 48 செ.மீ. வரை போனது. லென்ஸ் வழியாகவே பார்க்கும் எஸ்எல்ஆரில் இந்தத் தடை இல்லை. 1936-இலேயே 35 மி.மீ. ஃபிலிமுக்கு கினே எக்ஸாக்டா என்ற எஸ்எல்ஆர் வந்துவிட்டது. எவ்வளவு கிட்டே போனாலும், பார்ப்பதுதான் படம்.

மிச்சமிருக்கும் தடை, ஃபோகஸ் செய்ய லென்ஸை முன்னே நகர்த்தும் திருகின் நீளம். கணக்கு எளிது: லென்ஸ் எவ்வளவு முன்னே வருகிறதோ அதைக் குவியத் தூரத்தால் வகுத்தால் உருப்பெருக்கம். 50 மி.மீ. லென்ஸ் 25 மி.மீ. முன்னே வந்தால் பொருள் ஃபிலிமில் பாதி அளவில் விழும், 50 மி.மீ. வந்தால் முழு அளவில். அத்தனை நீளத் திருகை லென்ஸுக்குள்ளேயே வைத்து, முழு அளவு வரை போன முதல் ஸ்டில் கேமரா லென்ஸ் 1955-இல் ஹெய்ன்ஸ் கில்ஃபிட் கொண்டுவந்த மேக்ரோ-கிலார். அதற்கு முன் பெல்லோஸ் (மடிப்புத் துருத்தி) அல்லது எக்ஸ்டென்ஷன் டியூப் (இடைக் குழாய்) தனியாக மாட்ட வேண்டும்.

இரண்டாவதாக பென்டகான் 50 மி.மீ., எஃப் 1.8 வாங்கினேன். பெரிதாக யாரும் மதிக்காத லென்ஸ். ஆனால் 33 செ.மீ. வரை போகும்; படத்தில் சுமார் 16 செ.மீ. அகலம். ஐந்து வருடம் கேமராவிலிருந்து அதைக் கழற்றியதே குறைவு. காருகுறிச்சிப் பானையில் விரல் பதிந்த கோடுகள், கல்லிடைக்குறிச்சி முற்றத்தில் காயும் அப்பளம், பாபநாசம் பாறை இடுக்கில் பூத்த சின்னப் பூ எல்லாம் அதில் எடுத்தவைதான்.

அப்புறம்தான் திருகு அடாப்டர் பற்றித் தெரிந்தது. ஹீலியோஸ் போல 42 மி.மீ. திருகால் மாட்டும் எம்42 லென்ஸ் ஃபிலிமிலிருந்து 45.46 மி.மீ. தள்ளி உட்காரும், மிரர்லெஸ் கேமராவில் அந்த இடைவெளி சுமார் 18 மி.மீ.தான். மீதி இடத்தில் வெறும் குழாய்க்குப் பதில் நீளும் திருகு வைத்த அடாப்டர் போட்டால் ஹீலியோஸ்கூடக் கிட்டே வருகிறது. ஓரங்கள் மட்டும் கொஞ்சம் குழையும். தூரத்துக்காகக் கணக்கிட்ட கண்ணாடி அது, கிட்டே அவ்வளவுதான் தரும். இதைச் சரிசெய்ய, ஃபோகஸ் செய்யும்போது உள்ளே இருக்கும் கண்ணாடிகளின் இடைவெளியும் மாறும் ஏற்பாட்டை 1967-இல் நிக்கானின் நிக்கோர் 24 மி.மீ. எஃப் 2.8-இல் கொண்டுவந்தார்கள்.

மூன்றாவது, மைக்ரோ-நிக்கோர் 55 மி.மீ., எஃப் 3.5. இதன் பூர்வீகம் எனக்கு மிகவும் பிடித்தது. ஜப்பானிய ஆவணங்களை மைக்ரோஃபிலிமில் எடுக்கும்போது, நெருக்கமான கோடுகள் கொண்ட, சீனத்திலிருந்து வந்த கான்ஜி எழுத்துகள் சாதாரண லென்ஸில் கலங்கின. அதற்காக நிக்கான் நிறுவனம் வடிவமைத்த 5 செ.மீ. மைக்ரோ-நிக்கோர் 1956-இல் வந்தது. எஸ்எல்ஆருக்கான 55 மி.மீ. 1961-இல். என்னிடம் உள்ளது தனியாகவே பாதி அளவு வரை போகும் பின்வந்த வகை. ஒரு வில்லுப்பாட்டு அண்ணாவி (முன்னின்று பாடுபவர்) வீட்டில் அவர் அப்பா எழுதிய நோட்டுகளை இதில்தான் பிரதி எடுத்தேன். எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய, தும்பிக்கை போட்ட பழைய ணை, லை எல்லாம் பக்கத்தின் ஓரம்வரை தெளிவாக இருக்கின்றன.

பாதி அளவில் படத்துக்குள் 72 மி.மீ. அகலம்தான். எஃப் 8 வைத்தாலும் சுமார் 3 மி.மீ. ஆழம்தான் தெளிவாக இருக்கும்; வெளிச்சமும் ஒரு ஸ்டாப்புக்கு மேல், அதாவது பாதிக்கும் கீழாகக் குறையும். முக்காலி இல்லாமல் ஆகாது. இந்த லென்ஸோடு மறுபடி பத்தமடைக்குப் போனேன். லாத்தா திரையை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். “இது எங் கை இல்ல தம்பி, எம் மவ கை. ஓரம் மடிச்சிருக்கதப் பாருங்க.” அவர் சொன்ன பிறகுதான் என் கண்ணுக்கும் அந்த மடிப்பு பட்டது.

வாங்க நினைப்பவர்கள் நம் ஊர் வெயிலையும் மழையையும் யோசித்துக்கொள்ளுங்கள். சித்திரை வெயிலில் பைக் பெட்டிக்குள் வைத்ததில் ஒரு லென்ஸின் கிரீஸ் இளகி, திறப்பைச் சிறிதாக்கும் அப்பெர்ச்சர் பிளேடுகளில் எண்ணெய் படிந்துவிட்டது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னொன்றில் பூஞ்சை பிடித்தது. பிரித்துத் துடைத்தும் மெல்லிய தடம் மிச்சம். எதிர்வெளிச்சத்தில் மட்டும் படம் வெளுக்கிறது. இப்போது மூன்றும் இறுக்கி மூடும் டப்பாவில், சிலிக்கா ஜெல்லோடு இருக்கின்றன. வாரம் ஒரு தடவை வெளியே எடுத்து, ஃபோகஸ் வளையத்தை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நாலைந்து முறை திருப்பிவிட்டு வைக்கிறேன்.