மனநலத் துறைக்குப் போக எம்.எஸ்.டபிள்யூ.வா, எம்.எஸ்ஸி. சைக்காலஜியா?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் டிகிரி முடித்த பிள்ளைகள் அடிக்கடி என்னிடம் கேட்பது இது. "மனநலத் துறையில வேலை பாக்கணும்க்கா, எதைப் படிக்கட்டும்?" நான் எம்.எஸ்.டபிள்யூ.வில், அதாவது சமூகப்பணி முதுநிலைப் படிப்பில், மருத்துவ மனநலப் பிரிவை எடுத்துப் படித்தேன். என் அத்தை மகள் எம்.எஸ்ஸி. சைக்காலஜி படித்தாள். நான் எந்தப் பக்கம் சாய்வேன் என்று சொல்ல வேண்டியதில்லை. காரணத்தை மட்டும் சொல்கிறேன்.

இரண்டும் இரண்டு வருடப் படிப்பு. எம்.எஸ்.டபிள்யூ.வுக்கு எந்த டிகிரியும் போதும்; சைக்காலஜிக்குச் சில கல்லூரிகள் இளநிலையிலும் அதே பாடத்தைக் கேட்கும். கட்டணம் கல்லூரிக்குக் கல்லூரி மாறும், அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். மாத்திரை எழுதிக் கொடுக்கும் அதிகாரம் இரண்டு படிப்புக்கும் கிடையாது. அது டாக்டர் வேலை.

சைக்காலஜிக்குரிய பெருமையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு குழந்தை ஏன் படிப்பில் பின்தங்குகிறது என்று பினே-காமத் மாதிரியான அறிவுத்திறன் சோதனை வைத்துப் பார்ப்பது, ஞாபகசக்தி எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அளப்பது, ஒரு சிகிச்சை முறையை முறைப்படி கற்றுக்கொண்டு ஒருவரோடு பல வாரம் உட்கார்வது, இதெல்லாம் அவர்கள் களம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆவதுதான் உங்கள் கனவு என்றால் சைக்காலஜி தவிர வேறு வழி இல்லை. இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெறாமல் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள முடியாது. வெறும் எம்.எஸ்ஸி. அதற்குப் போதாது என்பது பலருக்குப் படிப்பு முடிந்த பிறகுதான் தெரிகிறது. அதற்கு மேல் கவுன்சில் அங்கீகரித்த இரண்டு வருட எம்.ஃபில். என்பதே நெடுநாளாக இருந்த வழி. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2022-இல் எம்.ஃபில்.லை நிறுத்தியபோதும், கிளினிக்கல் சைக்காலஜிக்கும் மனநல சமூகப்பணிக்கும் மட்டும் 2025-26 சேர்க்கை வரை விலக்குக் கொடுத்தது. இப்போது எம்.ஏ. கிளினிக்கல் சைக்காலஜி என்று புதுப் பாதை போட்டிருக்கிறார்கள். சேரும் முன் கவுன்சிலின் கல்லூரிப் பட்டியலை நீங்களே பார்த்துவிடுங்கள்.

நம்மூரில் கல்யாணமாகி வீட்டிலிருந்தபடியே தொலைநிலையில் சைக்காலஜி படித்த அக்காமார் நிறைய. அந்தக் கதவு இப்போது மூடிவிட்டது. 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து சைக்காலஜியைத் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ நடத்தக்கூடாது என்று யுஜிசி சொல்லிவிட்டது. வருத்தமான செய்திதான், ஆனால் காரணம் நியாயமானது. நோயாளியைப் பார்க்காமல் இந்த வேலையைப் படிக்க முடியாது.

என் சாய்வுக்குக் காரணமும் அதுவேதான். எம்.எஸ்.டபிள்யூ.வில் பொதுவாக வாரத்தில் இரண்டு நாள் களப்பணி. முதல் வருடத்திலிருந்தே. ஆஸ்பத்திரி, மனநலக் காப்பகம், பள்ளிக்கூடம், குழந்தைகள் இல்லம் என்று எங்காவது அனுப்பிவிடுவார்கள். நடுவில் ஒரு கிராம முகாம், கடைசியில் ஒரு மாதம் போல ஒரே இடத்தில் பயிற்சி. இதைவிட முக்கியம், ஒவ்வொரு களப்பணி நாளுக்கும் ரிப்போர்ட் எழுத வேண்டும்; அதை ஒரு ஆசிரியர் வரி வரியாகப் படித்துவிட்டு உங்களைத் தனியே உட்கார வைத்துப் பேச வேண்டும். நான் பார்த்த சைக்காலஜி வகுப்புகளில் சோதனைகளைப் பெரும்பாலும் வகுப்புத் தோழிகள் மேலேயே செய்து பழகினார்கள். நோயாளி முகத்தைப் பார்ப்பது சில வார இன்டர்ன்ஷிப்பில் மட்டும். நல்ல துறைகள் இதைவிட அதிகம் தரும். என் அத்தை மகள் படித்த இடம் தரவில்லை.

அந்த ரிப்போர்ட் நோட்டு என்ன செய்யும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். மாதாமாதம் மருந்து வாங்க வந்தவர் ஒருவர் திடீரென்று வரவில்லை. பள்ளத்தூர்ப் பக்கம் வீடு தேடிப் போனேன். முகப்பும் வளவும் கடந்து இரண்டாங்கட்டு அறையில் அவர் படுத்திருந்தார், வயது நாற்பது இருக்கும். அவ்வளவு பெரிய வீட்டில் அவரும் அம்மாவும்தான். ஆச்சி சொன்னார்: "பகலெல்லாம் தூங்கிக்கிட்டே கெடக்கான் ஆத்தா. அதான் மாத்திரையைப் பாதியா ஒடைச்சுக் குடுக்குறேன். மிச்சம் இருக்கையில எதுக்கு ஆஸ்பத்திரிக்கு வரணும்?" அதைக் கேட்டு வந்து டாக்டரிடம் சொன்னேன். அவர் மருந்தை இரவு வேளைக்கு மாற்றினார். எனக்கு நிறைவாக இருந்தது, அப்படியே எழுதினேன். ஆசிரியர் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு கேள்வி எழுதியிருந்தார்: "ஆச்சி எப்போது தூங்குகிறார்?" அடுத்த முறை போய் அதைத்தான் கேட்டேன். மகன் எழுந்து வெளியே போய்விடுவானோ என்று ராத்திரியெல்லாம் திண்ணைக் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். அதற்குப் பிறகு வேலையே மாறிப்போனது. சென்னையில் இருக்கும் மூத்த மகனிடம் பேசினோம், பகலில் துணைக்கு ஓர் ஆள் ஏற்பாடானது. 2016 ஊனமுற்றோர் உரிமைச் சட்டத்தில் மனநோயும் சேர்ந்திருப்பதால் அடையாள அட்டைக்கும் விண்ணப்பித்தோம். நாற்பது சதவீதத்துக்குக் குறையாத பாதிப்பு என்று சான்று கிடைத்தால் அட்டை வரும். அதற்கு யாரிடம் எந்த நாளில் போக வேண்டும் என்பதையும் களப்பணியில்தான் கற்றேன்.

செட்டிநாட்டுக்கு இது ரொம்பவே பொருந்தும். பிள்ளைகள் சென்னை, சிங்கப்பூர் என்று போய்விட, வயதானவர்கள் பூட்டிய அறைகளுக்கு நடுவே தனியே இருக்கும் ஊர்கள் இவை. மனசு சரியில்லை என்றால் முதலில் குணசீலம் கோயிலுக்கோ ஏர்வாடி தர்காவுக்கோ கூட்டிப்போவார்கள், அப்புறம்தான் டாக்டர். அதைக் குறை சொல்லிப் பயனில்லை. நம்பிக்கையை மதித்துக்கொண்டே மருந்தையும் சேர்த்துக் கொடுக்கத் தெரிய வேண்டும். 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்தார்கள். பிறகு அங்குள்ள தர்காவில் மருந்தும் பிரார்த்தனையும் சேர்ந்து போகும் 'தவா துவா' திட்டம் வந்தது. வீட்டுக்குள் போய்க் குடும்பத்தோடு பேசத் தெரிந்தவர்கள் இங்கே தேவைப்படுகிறார்கள். எம்.எஸ்.டபிள்யூ. அதற்குத்தான் ஆளைத் தயார் செய்கிறது.

வேலை விஷயத்தில், மாவட்ட மனநலத் திட்டக் குழுவில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்டுக்கும் இடம் உண்டு, மனநல சமூகப்பணியாளருக்கும் உண்டு. அதற்கு வெளியே குழந்தைகள் பாதுகாப்பு அலகு, வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் ஒன் ஸ்டாப் சென்டர், உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர், ஆஸ்பத்திரி சமூகப்பணியாளர் என்று எம்.எஸ்.டபிள்யூ.வுக்குக் கதவுகள் அதிகம். பலவும் தொகுப்பூதியம்தான், சம்பளம் பெரிதாக இருக்காது. 2017 மனநலச் சட்டம் சொல்கிற மனநல சமூகப்பணியாளர் ஆக எம்.எஸ்.டபிள்யூ. மட்டும் போதாது, அதற்கு மேல் மனநல சமூகப்பணி எம்.ஃபில். வேண்டும் என்பதையும் மறைக்கக் கூடாது; முன்பு சொன்ன விலக்கு 2025-26 சேர்க்கை வரைதான் என்பதால், இப்போது என்ன வழி என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

தனியாக ஆலோசனை மையம் வைத்துப் பிழைப்பது எப்படி என்பதை நான் அத்தை மகள் வழியாகத்தான் பார்த்திருக்கிறேன். சென்னையில் அவளுக்கு நன்றாகப் போகிறது, சைக்காலஜி என்ற பெயருக்கே ஆள் வருகிறார்கள். காரைக்குடியில் அப்படி வருவார்களா என்பது எனக்குச் சந்தேகம்தான். ஒருவரோடு ஆழமாக உட்காரும் சிகிச்சையில் அவள் என்னைவிட எவ்வளவோ மேல். நான் அதை வேலைக்கு வந்த பிறகு தனியே பயிற்சி எடுத்துப் பழக வேண்டியிருந்தது.

பாடத்திட்டத்தை வைத்து மட்டும் கல்லூரியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அங்கே இரண்டாம் வருடம் படிக்கும் ஒருவரைப் பிடித்து, களப்பணி நோட்டை ஒருமுறை காட்டச் சொல்லுங்கள். பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து மட்டும் இருந்தால் அது எம்.எஸ்.டபிள்யூ. ஆனாலும் வேண்டாம். ஓரமெல்லாம் ஆசிரியரின் கேள்விகள் இருந்தால், சைக்காலஜித் துறையாக இருந்தாலும் தைரியமாகச் சேருங்கள்.