அன்னா கரீனினாவா, க்ரூய்ட்சர் சொனாட்டாவா?

திருமணத்தைப் பற்றி டால்ஸ்டாய் எழுதியதில் எதை முதலில் எடுப்பது என்று தயங்குபவர்களுக்காக.

அளவு: அன்னா எட்டுப் பாகங்கள், 1875 முதல் 1877 வரை தொடராக வந்தது. சொனாட்டா குறுநாவல், ஒரே இரவில் படித்து முடித்துவிடலாம்.

பார்வை: சொனாட்டாவில் மனைவியைக் கொன்றவன் ரயிலில் பேசிக்கொண்டே போகிறான், அவள் தரப்பு நம்மை எட்டுவதே இல்லை. அன்னாவில் எல்லோர் மனத்துக்குள்ளும் போகிறோம். கணவனின் துரோகத்தைச் சுமந்தபடி பிள்ளைகளை வளர்ப்பவள், தன் ஒட்டுப்போட்ட சட்டையைப் பணிப்பெண் பார்த்துவிட்டாளே என்று கூசும் டாலி. எனக்கு அவள்தான் இந்த நாவலின் உயிர்.

பின்கதை: சொனாட்டாவுக்கு ரஷ்யாவில் தடை இருந்தது. 1891இல் ரஷ்யப் பேரரசரான ஜாரை நேரில் சந்தித்து அனுமதி வாங்கியவர், அந்தக் கதையால் புண்பட்ட டால்ஸ்டாயின் மனைவி சோஃபியா.

குடும்பத்தின் அன்றாடம் வேண்டுமென்றால் நா. தர்மராஜன் மொழிபெயர்ப்பில் அன்னா. பொறாமை ஒருவனைத் தின்பதைப் பார்க்கச் சொனாட்டா.