வார்ப்பிரும்பு வாணலி: ஒன்பது ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

அடி தட்டையான, 26 சென்டிமீட்டர் அகலமும் ஏறத்தாழ 2.5 கிலோ எடையும் உள்ள ஒரு வார்ப்பிரும்பு வாணலியை ஒன்பது ஆண்டுகளாக அநேகமாக நாள்தோறும் பயன்படுத்தி வருகிறேன். நல்ல உணவைத் தேடி உண்பதில் எனக்குச் சிறு வயது முதலே தீராத விருப்பம் உண்டு. சமைக்கத் தொடங்கியதும் அந்த விருப்பத்தால்தான். உணவகத்தில் உண்டதை வீட்டில் செய்து பார்க்கும்போதெல்லாம் மணமும் சுவையும் ஓரளவு கைகூடும். மேற்புறத்தின் முறுகலும் பொன்னிறமும் மட்டும் வாய்க்காது. குறை பாத்திரத்தில்தான் இருக்க வேண்டும் என்று எண்ணி இந்த வாணலியை வாங்கினேன். அந்த எண்ணத்தில் பாதிதான் உண்மை என்பது பின்னர் தெரிந்தது. அடுப்பில் எரியும் தீயைப் பார்த்துச் சமைத்தேனே தவிர, பாத்திரத்தில் இருக்கும் வெப்பத்தைப் பார்த்து நான் ஒருநாளும் சமைத்ததில்லை.

முதல் மூன்று மாதங்கள் ஏமாற்றமாகவே கழிந்தன. முட்டை அடியில் ஒட்டிக்கொண்டது. மீனைத் திருப்பினால் தோல் வாணலியிலேயே தங்கிவிட்டது. உருளைக்கிழங்குத் துண்டுகள் நடுவில் கருகி, ஓரத்தில் வெளுத்துக் கிடந்தன. மெல்லிய அலுமினியப் பாத்திரத்தில் பழகிய கை, அடுப்பைப் பற்றவைத்ததும் தீயை முழுதாகக் கூட்டி, இரண்டே நிமிடத்தில் எண்ணெயை ஊற்றிவிடும். வார்ப்பிரும்பு அதற்கு இணங்காது. இரும்பு வெப்பத்தைச் சீராகப் பரப்பும் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். உண்மை அதற்கு நேர்மாறானது. வார்ப்பிரும்பைவிட அலுமினியம் ஏறத்தாழ நான்கு மடங்கும், செம்பு ஏழு மடங்கும் நன்றாக வெப்பத்தைக் கடத்தும். ஆகவே, சிறிய அடுப்பின் மேல் அகன்ற வார்ப்பிரும்பு வாணலியை வைத்துத் தீயைக் கூட்டினால், தீ படும் இடம் தகிக்கத் தொடங்கிய பிறகும் ஓரங்கள் நெடுநேரம் பின்தங்கியே இருக்கும்.

வெப்பத்தை அறியத் தண்ணீர்த் துளியைத் தெளித்துப் பார்க்கும் வழக்கம்தான் எனக்கும் முதலில் கைகொடுத்தது. நன்கு காய்ந்த இரும்பில் துளி உடனே ஆவியாகாமல், தன் ஆவியின் மேலேயே மிதந்து உருண்டோடும். லைடன்ஃப்ராஸ்ட் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1756இல் பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கரண்டியில் கண்டு விவரித்த அதே காட்சிதான் இது. ஆனால் துளி உருண்டோடும் நிலை வரும்போது வாணலி 200 டிகிரி செல்சியஸை நெருங்கியிருக்கும்; இறைச்சிக்கு அது பொருந்தும், முட்டைக்கு மிகையானது. எனவே தொடாமல் வெப்பத்தை அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானி ஒன்றை வாங்கினேன். பளபளக்கும் எஃகுப் பாத்திரத்தில் இக்கருவி தவறாகக் காட்டும். கறுத்த இரும்பில் நம்பத்தக்க அளவைத் தரும். என் அடுப்பில் முழுத் தீயில் மூன்று நிமிடம் வைத்தபோது வாணலியின் நடுவே 260 டிகிரியும் ஓரத்தில் 140 டிகிரியும் இருந்தன. தீயைத் தணித்து, பத்து நிமிடம் பொறுத்து, இடையில் இரண்டு முறை வாணலியைச் சுழற்றி வைத்தபோது வேறுபாடு 30 டிகிரிக்குள் அடங்கியது. அன்று முதல் வெங்காயத்தை நறுக்கத் தொடங்குவதற்கு முன்பே வாணலியைச் சிறு தீயில் ஏற்றிவிடுகிறேன். முட்டை ஒட்டுவது அந்த வாரத்திலேயே நின்றது.

இருப்பினும், என் சமையலை உண்மையில் மாற்றியது காளான்தான். ஒரு பெரிய கூடைக் காளானை நறுக்கி, நன்கு காய்ந்த வாணலியில் ஒரே நேரத்தில் கொட்டினேன். முதல் சில நொடிகள் இனிமையான சீற்றம் கேட்டது. பிறகு ஓசை அடங்கி, காளான் தன் நீரிலேயே வெந்து சாம்பல் நிறமானது. இத்தனை கனமான இரும்பு வெப்பத்தைத் தேக்கி வைத்திருக்குமே, அது எங்கே போயிற்று என்ற கேள்வி என்னை விடவில்லை. ஒரு மாலை காகிதமும் பேனாவும் எடுத்துக் கணக்கிட்டேன். ஒரு கிலோ இரும்பின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்த ஏறத்தாழ 0.45 கிலோஜூல் வேண்டும். அப்படியானால் என் 2.5 கிலோ வாணலி 200 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்கு இறங்கும்போது வெளிவிடும் வெப்பம் சுமார் 112 கிலோஜூல். ஒரு கிலோ தண்ணீரை 20 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவந்து முழுதும் ஆவியாக்கவோ ஏறத்தாழ 2,600 கிலோஜூல் தேவை. ஆக, அந்தக் கனத்த இரும்பு தேக்கி வைத்திருந்த வெப்பம் அனைத்தும் சேர்ந்து ஆவியாக்கக்கூடிய தண்ணீர் வெறும் 43 கிராம். காளானின் எடையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்; நான் கொட்டியதோ அரைக் கிலோ. அந்தக் கணக்கைக் கண்டபோது எனக்கு ஏற்பட்ட வியப்பும் மகிழ்ச்சியும் இன்றும் நினைவில் இருக்கின்றன, ஏனெனில் பல ஆண்டுகளாகக் கைவராத ஒன்றின் காரணம் ஒரே காகிதத்தில் முழுமையாக விளங்கிவிட்டது.

எடைக்கு எடை பார்த்தால் இரும்பைவிட அலுமினியம்தான் இரு மடங்கு வெப்பத்தைத் தேக்கி வைக்கும். வார்ப்பிரும்பு வாணலியின் வலிமை அதன் பருமனில் இருக்கிறது. அந்த வலிமைக்கும் எல்லை உண்டு. நீர் இருக்கும் வரையில் உணவின் மேற்பரப்பு 100 டிகிரியைத் தாண்டாது. புரதத்தின் அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் வினைபுரிந்து பழுப்பு நிறத்தையும் வறுவல் மணத்தையும் தரும் மாற்றமோ, சமையலின் குறுகிய நேரத்திற்குள் நிகழ வேண்டுமானால் 140 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தைக் கேட்கும். 1912இல் இந்த வினையை விவரித்த பிரெஞ்சு வேதியியலாளர் மெயார்டின் பெயரால்தான் அது இன்றும் வழங்கப்படுகிறது. இவற்றை அறிந்த பின் என் பழக்கங்கள் மூன்று மாறின: மீனையும் இறைச்சியையும் துணியால் ஒற்றி ஈரம் போக்கிய பிறகே வாணலியில் இடுகிறேன், துண்டுகள் ஒன்றையொன்று தொடாத அளவுக்கே பரப்பி, மீதியை அடுத்த சுற்றுக்கு வைக்கிறேன், இட்ட பின் கிளறாமல் பொறுக்கிறேன். மூன்றாவதுதான் மிகக் கடினமாக இருந்தது. மீனின் அடிப்புறம் முறுகும் வரை அது இரும்பைப் பற்றிக்கொண்டிருக்கும்; முறுகியதும் திருப்பியின் நுனி பட்டாலே தானாக விடுபடும். ஒட்டுகிறதே என்று பதறிச் சுரண்டிய நாள்களில், இன்னும் ஒரு நிமிடம் பொறுத்திருந்தால் போதுமாயிருந்தது.

வாணலியைப் பழக்குவது பற்றி எங்கும் மிகுதியாகப் பேசப்படுவதால் என் அனுபவத்தை மட்டும் சொல்கிறேன். மெல்லிய எண்ணெய்ப் படலம் வெப்பத்திலும் காற்றிலும் கெட்டிப்பட்டு, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிப் பலபடியாக மாறி இரும்பின் மேல் படிவதே பழகுதல் எனப்படுகிறது. உலரும் தன்மை மிகுந்தது என்பதால் ஆளிவிதை எண்ணெயை வாங்கி, ஆறு முறை பூசி, ஒவ்வொரு முறையும் 230 டிகிரி சூட்டில் ஓவனில் ஒரு மணி நேரம் வைத்து எடுத்தேன். கண்ணாடி போன்ற கரிய பளபளப்பு வந்தது. நான்கே மாதத்தில் அது செதில் செதிலாக உரிந்து முட்டையில் கலந்தது. உரித்துவிட்டுச் சாதாரணச் சமையல் எண்ணெயை இரண்டு முறை பூசிச் சூடேற்றியதோடு நிறுத்திக்கொண்டேன். மீதியை அன்றாடச் சமையல் பார்த்துக்கொண்டது. பூசும்போது கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: எண்ணெயைத் தடவிய பின், தவறுதலாகத் தடவிவிட்டதாக எண்ணிக்கொண்டு முழுவதையும் துடைத்தெடுக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் அளவு எண்ணெய் தங்கினால் அது பிசுபிசுப்பாகவே உறையும்.

சோப்பு படக் கூடாது என்ற எச்சரிக்கையை நான் இரண்டு ஆண்டுகள் கடைப்பிடித்தேன். தேவையில்லாத சிரமம் அது. காரம் மிகுந்த பழைய காலச் சோப்புக்குப் பொருந்திய அந்த விதி இன்றைய பாத்திரம் துலக்கும் திரவத்துக்குப் பொருந்தாது. கழுவலாம். ஊறவைக்கத்தான் கூடாது. ஒருமுறை நான் ஊரில் இல்லாதபோது, வீட்டுக்கு வந்திருந்த உறவினர் ஒருவர் உதவும் எண்ணத்தோடு வாணலியில் தண்ணீர் நிரப்பி இரவு முழுவதும் வைத்துவிட்டார். திரும்பி வந்து செம்மண் நிறத் துருவைக் கண்டபோது மனம் உடைந்துபோனது. இரும்பு நாரால் தேய்த்து, கழுவி, அடுப்பிலேற்றி உலர்த்தி, மறுபடியும் எண்ணெய் பூசிச் சூடேற்ற ஒரு பிற்பகல் ஆயிற்று. அதற்கு மேல் எந்த இழப்பும் இல்லை. ஒட்டாப் பூச்சு போய்விட்ட நான்ஸ்டிக் பாத்திரத்தை வீட்டில் எவராலும் மீட்க முடியாது. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் மீட்கலாம். உண்மையாகவே அஞ்ச வேண்டியது வேறு: தகிக்கும் வாணலியில் குளிர்ந்த நீரை ஊற்றினால் வார்ப்பிரும்பு விரிசல் விடக்கூடும், விரிசலுக்கு மருந்து இல்லை.

தக்காளியை நெடுநேரம் வேகவைக்க இந்த வாணலி ஏற்றதன்று. ஒரு மணி நேரம் கொதித்த தக்காளிக் குழம்பில் உலோகச் சுவை தெளிவாகத் தெரிந்தது. பழகிய படலமும் அங்கங்கே வெளுத்தது. புளிப்பும் ஈரமும் நீண்ட நேரமும் சேரும்போது இரும்பு உணவில் மிகுதியாகக் கரைகிறது. இரும்புச் சத்துக் குறைந்தவர்களுக்கு அது நன்மையாகவும், உடலில் இரும்பு சேரும் நோய் உள்ளவர்களுக்குத் தீங்காகவும் அமையும். புளிப்பானவற்றை எஃகுப் பாத்திரத்தில் செய்கிறேன்; எலுமிச்சைச் சாற்றை அடுப்பை அணைத்த பின் தட்டில் பிழிகிறேன். மென்மையான முட்டை வகைகளுக்கு ஒரு சிறிய நான்ஸ்டிக் வாணலியும் வைத்திருக்கிறேன். அதன் பூச்சு ஏறத்தாழ 260 டிகிரிக்கு மேல் சிதையத் தொடங்கும் என்பதால், அதை ஒருபோதும் வெறுமையாகக் காயவிடுவதில்லை.

வெளியே உண்ணும் முறையும் இந்த ஆண்டுகளில் மாறிவிட்டது. முன்பெல்லாம் பிடித்த உணவை வரவழைத்து, சுவைத்து, எழுந்து வந்துவிடுவேன். இப்போது சமையலறை கண்ணுக்குத் தெரியும் உணவகமாகத் தேடி, அடுப்பைப் பார்க்கும்படியான இருக்கையைக் கேட்கிறேன். நல்ல சமையல்காரர்கள் எத்தனை முறை ஒன்றும் செய்யாமல் காத்திருக்கிறார்கள் என்பதை அங்கேதான் கண்டேன். எண்ணெய் ஊற்றிய பின் அதன் மேற்பரப்பு அலையாடும் வரை நிற்பார்கள். நெரிசல் மிகுந்த வேளையிலும் இரண்டு பேருக்கு உரியதை இரண்டு வாணலிகளில் பிரித்தே இடுவார்கள். அதே கண்ணோட்டத்தில், பெயர் பெற்ற ஓர் உணவகத்தில் காளான் வறுவல் என்ற பெயரில் வெளிறி நீர்விட்ட காளான் வந்தபோது, சுவைக்கும் முன்பே அதன் கதை விளங்கியது: ஒரே வாணலியில் அளவுக்கு மீறிக் கொட்டியிருக்கிறார்கள். முன்பு அதைச் சுவை சரியில்லை என்ற ஒரே சொல்லோடு விட்டிருப்பேன்.

வீட்டு அடுப்பால் இயலாதது எது என்பதும் தெளிவாயிற்று. வீட்டு எரிவாயு அடுப்பின் ஒரு பெரிய எரிமுனை 3 கிலோவாட் அளவில் வெப்பம் தரும்; பெரிய உணவகங்களில் குழிவான வாணலியில் வறுக்கப் பயன்படும் அடுப்பு அதைப் போல் பத்து மடங்கு தரக்கூடும். என் வாணலியின் எடை இந்த இடைவெளியில் ஒரு சிறு பகுதியைத்தான் நிரப்புகிறது. எனவே, பெருந்தீயில் நொடிப்பொழுதில் வறுத்தெடுப்பவற்றையும், நிறைய எண்ணெயில் பொரிப்பவற்றையும், பல மணி நேரம் காய்ச்சிய சாற்றையும் வெளியே உண்கிறேன். முறுகிய தோலுள்ள மீன், வதக்கிய காய், உருளைக்கிழங்கு ஆகியவற்றை வரவழைப்பதை விட்டுவிட்டேன். அவற்றை என் வீட்டில் இன்னும் நன்றாகச் செய்ய முடிகிறது என்று தயக்கமின்றிச் சொல்கிறேன்.

எடையைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தப் பகிர்வு நேர்மையாகாது. உணவு நிறைந்த வாணலியை ஒரு கையால் தூக்க என்னாலேயே இயலாது. மணிக்கட்டு வலி உள்ள என் அம்மா அதைத் தொடுவதே இல்லை. எதிர்ப்புறத்தில் துணைக் கைப்பிடி இல்லாத வாணலியை எவருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். அகலம் கூடக் கூட எடையும் கூடும் என்பதால், இருவர் மட்டும் உள்ள வீட்டுக்கு 20 சென்டிமீட்டர் போதும். கண்ணாடி மேற்பரப்பு உள்ள மின்னடுப்பில் இழுக்காமல் தூக்கி வைக்க வேண்டும், இல்லையேல் கீறல் விழும். இண்டக்‌ஷன் அடுப்பில் தடையின்றி வேலை செய்கிறது, ஆனால் அங்கும் குறைந்த அளவில் தொடங்கிக் கூட்டுவதே நல்லது. மாதக்கணக்கில் பயன்படுத்தாமல் வைத்தால் மேலே எஞ்சிய எண்ணெய் சிக்கெடுத்து வாடை வீசும். அவசரமாகச் சமைத்து முடிக்க வேண்டிய காலை வேளைகள் மிகுந்த வீட்டில், பத்து நிமிடம் காயவிட வேண்டிய இந்த வாணலி பரண் மேல் போய்விடும் என்றே நினைக்கிறேன்.

இப்போது அதன் உட்புறம் பளபளப்பற்ற கருமையாக, தடவினால் வழவழப்பாக இருக்கிறது. கைப்பிடிக்கு அருகில் ஒரு நாணய அளவில் மட்டும் படலம் இன்னும் சாம்பல் நிறமாகவே நிற்கிறது. சென்ற வாரம் அரைக் கிலோ காளானை நான்கு சுற்றாக வறுத்தேன். நான்காவது சுற்று வாணலியில் சீறிக்கொண்டிருந்தபோதே, அடுப்பருகில் வந்து நின்ற வீட்டார் முதல் இரண்டு சுற்றுகளையும் தட்டிலிருந்து கையால் எடுத்தே உண்டு முடித்திருந்தார்கள்.