காளான் பேனல்: இரண்டு மழைக்காலம் தாண்டிய கதை

ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் ஊரில், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் வீடு. மாடியில் தகரக் கூரை போட்ட அறையில்தான் டியூஷன் எடுக்கிறேன். இருபது பிள்ளைகள் சேர்ந்து வாய்ப்பாடு சொன்னால் பாதி எதிரொலியாகத்தான் காதில் விழும், அதற்காகத்தான் இரண்டு வருஷத்துக்கு முன் இருபத்து நான்கு காளான் பேனல் வாங்கி நாலு சுவரிலும் ஒட்டினேன்.

சரக்கு இதுதான்: வைக்கோல், உமி, மரத்தூள் போன்ற கழிவில் மைசீலியம் என்கிற காளான் இழையை அச்சுக்குள் வளரவிடுவார்கள். சில நாளில் அது துகளையெல்லாம் பின்னிப் பிடித்துக்கொள்ளும், அப்புறம் சூட்டில் உலர்த்திக் கொன்றுவிடுவார்கள். அதனால் “சுவத்துல காளான் முளைக்குமா சார்” என்று கேட்பவர்களுக்கு, முளைக்காது. 2014-ல் நியூயார்க்கில் இப்படி வளர்த்த சுமார் 10,000 கற்களை அடுக்கிக் கோபுரமே எழுப்பினார்கள். ஆனால் அது ஒரு கோடைக்கு மட்டும் நின்ற கோபுரம், நம்ம ஊர் ஐப்பசி மழையைப் பார்த்ததில்லை.

எதிரொலி அன்றைக்கே அடங்கிவிட்டது, அதில் குறையே இல்லை. வெக்கை குறையவில்லை, தலைக்கு மேல் தகரத்தை வைத்துக்கொண்டு சுவரைக் குறை சொல்லக் கூடாது. மிஞ்சிய துண்டில் தீக்குச்சி வைத்துப் பார்த்தேன், தெர்மாகோல் மாதிரி உருகிச் சொட்டாமல் கரியாகி நின்றது.

வினை சுவரில் ஊறும் ஓதத்தில் வந்தது. விற்றவர் பசை போட்டு நேரே சுவரில் ஒட்டச் சொன்னார், நானும் கேட்டுக்கொண்டேன். வடக்குச் சுவர் பழைய பூச்சு, உப்பு மணல். கார்த்திகையில் ஒரு பேனலை அழுத்தினால் ஊறின ரஸ்க் மாதிரி விரல் உள்ளே போகிறது! பெயர்த்துப் பார்த்தால் முதுகெல்லாம் பச்சையும் கறுப்புமாகப் பூசணம். செத்த காளான் உயிர்த்து வரவில்லை, காற்றில் வந்த வேறு பூசணம், ஈரம் கிடைத்ததும் உள்ளே இருக்கிற வைக்கோலைத் தின்ன உட்கார்ந்துவிட்டது. ஏழு பேனல் போயிற்று.

மற்ற மூன்று சுவரிலும் கழற்றி, ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) அடித்து அரை இஞ்ச் இடைவெளி விட்டு, தரையிலிருந்து ஒரு சாண் தூக்கி மாட்டினேன். சாதா ஸ்க்ரூ உப்புக்காற்றில் துருப்பிடித்துக் கறை இறங்கியதால் எல்லாம் எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஸ்க்ரூ. இரண்டாவது மழையில் ஒன்றுகூடக் கெடவில்லை. கெட்ட ஏழையும் உடைத்து முருங்கை மூட்டில் போட்டேன், ஆடிக்குள் மண்ணோடு மண்.

மறுபடி வாங்குவேனா? மூன்று சுவருக்கு வாங்குவேன். வடக்குச் சுவரில் இப்போது அரிசிச் சாக்குதான் தொங்குகிறது.