காரைக்குடியில் கிடைக்கும் 'ஷ்ரிம்ப் செட்': எதை வாங்கலாம், எதைக் கழிக்கலாம்

இரண்டடிக் கண்ணாடித் தொட்டி, ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஏர் பம்ப், எல்இடி விளக்கு, செடிக்கென்று விற்கும் சாயில் (உருண்டை மண்) 3 லிட்டர், வண்ணக் கல் ஒரு பை, மூன்று வகைச் செடி, நீல மருந்து ஒரு புட்டி, சிவப்பும் நீலமுமாகப் பத்து செர்ரி இறால், கூடவே 'சும்மா போட்டுக்கங்க' என்று ஒரு ஜோடி கப்பி மீன். காரைக்குடிப் பக்கத்து மீன் கடை ஒன்று 4,500 ரூபாய்க்கு வீட்டுக்கே வந்து பொருத்தித் தரும் செட் இது. சாமான் பெரும்பாலும் சரிதான், முறைதான் தப்பு. காலையில் தண்ணீர் ஊற்றி, சாயங்காலமே இறாலையும் விட்டுவிட்டுப் போகிறார்கள்.

தொட்டி 60×30×30 செ.மீ. விளிம்பு வரை 54 லிட்டர். மணல், மரக்கட்டை போகச் சுமார் 45 லிட்டர் நிற்கும். சின்னத் தொட்டியில் சூடும் உப்பும் சட்டென்று ஏறும், இதில் மெதுவாகத்தான் மாறும். ஆகவே புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இந்த அளவே நல்லது. அடியில் தெர்மாகோல் போட்டு மட்டம் பார்த்து வைக்கிறார்கள், அதில் குறையில்லை. ஆனால் வெளிச்சம் நன்றாக இருக்கிறதென்று முற்றத்து ஓரமாக வைக்கச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். வெயில் நேராக விழுந்தால் இரண்டே வாரத்தில் கண்ணாடி பச்சையாகிவிடும். உள்கட்டில் சுவரோரம் வைத்து, விளக்கை ஒரு டைமரில் மாட்டி 6 மணி நேரம் மட்டும் எரிய விடுங்கள். கார்பன் டை ஆக்சைடு செலுத்தாத தொட்டிக்கு அதற்கு மேல் வெளிச்சம் கொடுத்தால் பாசிதான் வளரும்.

செட்டிலேயே உருப்படியான பொருள் ஸ்பாஞ்ச் ஃபில்டர். இறால் குஞ்சு பிறக்கும்போது 2 மி.மீ. நீளம்தான். பக்கவாட்டில் தொங்கும் ஃபில்டர் அதை உறிஞ்சி இழுத்துவிடும், ஸ்பாஞ்ச் இழுக்காது. அதன் மேல் படியும் வழவழப்பையே குஞ்சுகள் நாள் முழுக்கச் சுரண்டித் தின்னும். ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவக் கூடாது; குளோரின் பட்டால் அதில் குடியிருக்கும் பாக்டீரியா செத்துவிடும். தொட்டித் தண்ணீரையே ஒரு வாளியில் எடுத்து அதில் இரண்டு தடவை பிழிந்தால் போதும். செட்டில் விட்டுப்போன சாமான் நான்-ரிட்டர்ன் வால்வு. பம்ப் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்து கரண்டும் போனால், டியூப் வழியாகத் தண்ணீர் திரும்பி வந்து பம்பையும் கெடுக்கும், ஆத்தங்குடித் தரையையும் நனைக்கும். சில்லறைக் காசுக்குக் கிடைக்கிற வால்வு, கேட்டு வாங்கி மாட்டுங்கள்.

இனி தண்ணீர். கடைக்காரர் கேட்காமல் விடுவது இதைத்தான். செர்ரி இறாலுக்கு டிடிஎஸ் (கரைந்திருக்கும் மொத்த உப்பு) 150 முதல் 250 வரை, ஜிஎச் (சுண்ணாம்பு, மக்னீசியத்தால் வரும் கடினத்தன்மை) 6 முதல் 8 வரை, பிஎச் (அமில-கார அளவு) 7-ஐ ஒட்டி இருந்தால் சுகம். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பல வீடுகளில் இதைத் தாண்டிவிடும். ஆர்ஓ செய்த கேன் தண்ணீரோ நேர் எதிர்: தாது உப்பு அநேகமாக இருக்காது, ஓடு உரிக்க முடியாமல் கழுத்தடியில் வெள்ளை வளையம் விழுந்து இறால் சாகும். அதனால் இரண்டையும் கலக்க வேண்டும். போர் தண்ணீரின் டிடிஎஸ் 900, ஆர்ஓ தண்ணீரின் டிடிஎஸ் 50 என்று வையுங்கள். ஒரு குடம் போருக்கு ஐந்து குடம் ஆர்ஓ சேர்த்தால் 190 சொச்சம் வரும். ஆனால் டிடிஎஸ் மீட்டர் மொத்த உப்பைத்தான் காட்டும். அதில் சுண்ணாம்புச் சத்து எவ்வளவு, வெறும் சோடியம் எவ்வளவு என்று சொல்லாது. அதற்குச் சொட்டு மருந்து ஜிஎச் கிட்தான் வழி. காரைக்குடிச் சம்பை ஊற்றுத் தண்ணீர் வாய்க்கு இனிக்கிறதே என்று அளக்காமல் ஊற்றிவிடாதீர்கள். குழாயில் வருவதென்றால் குளோரின் நீக்கியும் வேண்டும்.

மழைத் தண்ணீர் கலப்பதற்கு அருமையானது. பிடிக்கிற பாத்திரத்தில்தான் சிக்கல். வளவு வீட்டுத் தாழ்வாரத்தில் செம்பு அண்டா, பித்தளைக் குண்டான் வைத்துப் பிடிப்பது இந்தப் பக்கத்து வழக்கம். நமக்கு நல்லது என்று நினைக்கும் செம்பு இறாலுக்கு விஷம், பித்தளையிலும் செம்புதான் பாதிக்கு மேல். பிளாஸ்டிக் டிரம்மில் பிடியுங்கள், முதல் மழையை விட்டுவிடுங்கள். மீன் மருந்துகளிலும் நத்தை ஒழிப்பானிலும் இதே செம்பு வரும். ஆகவே லேபிள் இல்லாத அந்த நீலப் புட்டியைத் திறக்கவே வேண்டாம். அழகுக்கு உடைந்த ஆத்தங்குடிக் கல்லைப் போடுகிறவர்களும் உண்டு. அது சிமென்ட், ஊற ஊற பிஎச் ஏறும்.

சாயில் பை வீண் செலவு. 60×30 தரையில் 3 லிட்டரைப் பரப்பினால் ஒன்றரை செ.மீ.தான் நிற்கும், வேர் பிடிக்க 4 செ.மீ.யாவது வேண்டும். போதாததற்கு முதல் சில வாரம் அது அம்மோனியா கக்கும். கடின நீரில் அதன் பிஎச் தணிக்கும் குணமும் சீக்கிரம் தீர்ந்துவிடும். சலித்துக் கழுவிய ஆற்று மணல் 4 செ.மீ. போதும். ஒரு பிடியில் வினிகர் விட்டுப் பாருங்கள், நுரைத்தால் அந்த மணல் ஆகாது. கொடுக்கிற செடிகளில் ஜாவா மாஸும் அனூபியாஸும் மண்ணே கேட்காது. அனூபியாஸின் தடித்த தண்டை மணலில் புதைத்தால் அழுகும், நூலால் கட்டையில் கட்டுங்கள். கிரிப்டோகொரைனுக்கு மட்டும் எரு படாத செம்மண்ணை நெல்லிக்காய் அளவு உருட்டிக் காயவைத்து வேரடியில் செருகலாம். நட்ட பத்து நாளில் அதன் இலை கரைந்தால் பிடுங்கிவிடாதீர்கள், வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும். ஊரணியில் வேலம்பாசி என்ற நீர்ச்செடி சும்மா கிடைக்கிறதென்று அள்ளி வந்தால் தட்டான் புழுவும் சேர்ந்து வரும். அது ராத்திரிக்கு ஒன்றாக இறாலைப் பிடித்துத் தின்னும்.

எல்லாம் அமைந்த பிறகு 4 முதல் 6 வாரம் இறால் இல்லாமலே ஓட விடுங்கள். தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டுவந்தால் அம்மோனியா ஏறும், பிறகு நைட்ரைட் ஏறும், பிறகு பாக்டீரியா பெருகி இந்த இரண்டு விஷமும் சுழியமாகும். தெரிந்தவர் தொட்டியின் பழைய ஸ்பாஞ்சைப் பிழிந்து ஊற்றினால் சீக்கிரம் முடியும். ஆகவே இறாலையும் கப்பியையும் சாயிலையும் வண்ணக் கல்லையும் கழித்து விலை பேசுங்கள். கப்பி குஞ்சுகளைத் தின்றுவிடும். சிவப்பும் நீலமும் கலந்தால் இரண்டு மூன்று தலைமுறையில் பழுப்புதான் மிஞ்சும். பிறகு போய் ஒரே நிறத்தில் 15 வாங்குங்கள். ஏர் டியூபில் முடிச்சுப் போட்டு, விநாடிக்கு இரண்டு சொட்டாகத் தொட்டித் தண்ணீரை விட்டு, பை தண்ணீர் மூன்று மடங்கானதும் இறாலை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள்.

கத்திரி வெயிலில் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டினால் ஆபத்து. 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மி.கி. ஆக்சிஜன் கரையும், 30-ல் ஏழரைதான். மேலே ஒரு சின்ன ஃபேன் ஓட்டினால் 2, 3 டிகிரி இறங்கும். வற்றியதற்கு ஆர்ஓ அல்லது மழைத் தண்ணீரே ஊற்றுங்கள். போர் தண்ணீர் ஊற்றினால் உப்பு சேர்ந்துகொண்டே போகும். கரண்ட் போனால் ஓட பேட்டரி பம்ப் ஒன்று வேண்டும். அந்த அறையில் கொசுமருந்து லிக்விடும் ஸ்பிரேயும் கூடவே கூடாது. ஏர் பம்ப் அந்தக் காற்றைத்தான் உள்ளே தள்ளும்.

தீனி இரண்டு நாளைக்கு ஒரு முறை போதும், இரண்டு மணி நேரத்தில் தீராவிட்டால் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். பழுத்து விழுந்த பாதாம் இலை ஒன்றைக் கழுவிப் போட்டால் நரம்பு மட்டும் மிஞ்சும் வரை மேயும். காலையில் மணலில் கண்ணாடி போல ஒரு வெற்று இறால் கிடந்தால் பதறாதீர்கள். அது உரித்த ஓடு. அப்படியே விட்டுவிடுங்கள், சுண்ணாம்புச் சத்துக்காக மற்றவை அதைத் தின்னும்.