தினமும் ஓட்ட பழைய மாஸ்டா மியாட்டாவா, பழைய போர்ஷே பாக்ஸ்டரா?

ரெண்டுமே ரெண்டு சீட்டு, ரூஃப் தொறக்கலாம், செகண்ட் ஹேண்ட்ல வாங்குற விலையும் சில சமயம் கிட்டக்கிட்ட வந்துடும், ஆனா வாங்குன பிறகு ஆகுற செலவுதான் வேற வேற. 1989ல வந்த முதல் மியாட்டா சாதாரண 1.6 லிட்டர் நாலு சிலிண்டர், எடை ஒரு டன்னுக்கும் கீழ, டைமிங் பெல்ட் அறுந்தாக்கூட பொதுவா வால்வு பிஸ்டன்ல மோதாது, வண்டி நின்னுடும் அவ்ளோதான். பானட்ட தொறந்தா எல்லாம் கைக்கு எட்டும்.

986ன்னு சொல்ற முதல் தலைமுறை பாக்ஸ்டர்ல இஞ்சின் சீட்டுக்குப் பின்னாடி ஒளிஞ்சு கெடக்கு, மேலேருந்து பாக்கணும்னாலே கவரெல்லாம் கழட்டணும். ஐஎம்எஸ் பேரிங்னு ஒண்ணு இருக்கு, இஞ்சினுக்குள்ள சுத்துற ஒரு தண்டைத் தாங்குற பேரிங், அது போச்சுன்னா இஞ்சினே காலி, எல்லா வண்டியிலயும் போகாதுதான், ஆனாலும் கிளட்ச் மாத்த கியர்பாக்ஸ் எறக்குறப்பவே அதையும் மாத்திடுங்க, தனியா பண்ணா கூலி ரெண்டு தடவ. ஆனா சாமான் வைக்க முன்னாடி பின்னாடின்னு ரெண்டு டிக்கி, ஹைவேல மியாட்டாவோட இரைச்சல் இல்ல, உயரமானவங்களுக்கும் வசதி.

மழைதான் ரெண்டுக்கும் எதிரி. ரூஃப் ஓரத்து தண்ணி போற ஓட்டை அடைச்சா மியாட்டா கதவுக்குக் கீழ துருப்பிடிக்கும், பாக்ஸ்டர்ல சீட்டுக்கடில இருக்குற கன்ட்ரோல் யூனிட் நனையும், அப்புறம் வண்டி ஸ்டார்ட்டே ஆகாது.

வேற கார் இல்லாம இத மட்டுமே நம்பி வேலைக்குப் போறீங்கன்னா நான் மியாட்டாதான் சொல்வேன். வீட்ல இன்னொரு வண்டி இருந்தா பாக்ஸ்டர், அந்த ஆறு சிலிண்டர் சத்தம் இருக்கே, அடடா!